நாப்லா திரும்பப் பெற்ற புத்தகம்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமைச் செவிலி அவர்களே, பங்குத் தந்தை அவர்களே, எங்கள் பதிப்பகக் குழுவின் தலைவர் டாரா அவர்களே, கடல் கடந்து வந்திருக்கும் தீவுக்காரர்களே, கைக்குழந்தைகளோடு கதவோரம் நிற்கும் தாய்மார்களே, தந்தையரே, இந்த அவையில் அழவும் கத்தவும் முழு உரிமை பெற்ற எங்கள் சின்னஞ்சிறு வாசகர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

குழந்தை அழுதால் யாரும் வெளியே தூக்கிக்கொண்டு போக வேண்டாம். நாப்லா நீ க்வாலாய்ன் அவர்களுக்காகக் கூடிய கூட்டத்தில் குழந்தையின் குரல் கேட்காவிட்டால்தான் குறை.

நான் பார்ட்லி. நாப்லா சொற்களை எழுதினார், நான் படங்களை வரைந்தேன். பல் முளைக்காத வாசகர்களுக்காக, பக்கம் புரட்டத் தெரியாத வாசகர்களுக்காக, புத்தகம் என்றால் முதலில் வாயில் வைக்கும் வாசகர்களுக்காக, அயர்லாந்தின் இந்த மேற்குக் கரையில், கானமாராவின் ஒரு சிறு அறையில் உட்கார்ந்து நாங்கள் ஐரிஷ் மொழியில் புத்தகம் செய்தோம். அது ஒரு வேலையா என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களில் சிலர் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். அவர்களுக்கும் என் வணக்கம்.

ஒரு குழந்தை படத்தைப் பார்த்து விரலை நீட்டுகிறது. பக்கத்தில் இருக்கும் தாய் அதற்கு ஒரு பெயர் சொல்கிறாள். அந்தப் பெயர் எந்த மொழியில் வருகிறது? கடைக்குப் போனால் அட்டைப் புத்தகம் எல்லாம் ஆங்கிலம். படம் பெரிது, விலை குறைவு, பளபளப்பு அதிகம். வீட்டில் ஐரிஷ் பேசும் தாய்கூட அந்தப் புத்தகத்தை மடியில் வைத்ததும் ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறாள். குழந்தை என்ன நினைக்கும்? அடுப்படிக்கு ஒரு மொழி, படத்துக்கு ஒரு மொழி என்றுதானே நினைக்கும்? அந்த நினைப்பு விழுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பார் நாப்லா. பள்ளிக்கூடம் போகும் வயதில் கொடுப்பது மருந்து, மடியில் இருக்கும் வயதில் கொடுப்பதுதான் பால் என்பார்.

அவரோடு வேலை செய்வது சுலபம் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நான் வரைந்த முதல் நண்டை அவர் எட்டு நாள் மேசையில் போட்டுவைத்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "பார்ட்லி, இந்த நண்டு ரொம்ப யோசிக்குது. குழந்தைக்கு நண்டுதான் வேணும், வக்கீல் வேணாம்." அழித்து வரைந்தேன். அந்த நண்டுதான் 'கல்லுக்குக் கீழே' என்ற புத்தகத்தின் நண்டு. அந்தப் புத்தகத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். இரங்கல் கூட்டத்தில் வெற்றிகளைப் பேசுவது வழக்கம். நான் எங்கள் மிகப் பெரிய ஆபத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். ஏனென்றால் நாப்லா யார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

கடலோரக் கல்லைத் தூக்கினால் கீழே யார் இருக்கிறார்கள் என்பதுதான் அந்தப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு சொல், ஒரு சத்தம். இறால், நத்தை, விலாங்கு, நண்டு. கடைசிப் பக்கத்தில் கல் மேல் படுத்திருக்கும் கடல்நாய் வாயை அகலத் திறந்து 'ஆ' என்று கூப்பிடும். நண்டுக்கு மட்டும் இரண்டு கண்கள், பளபளக்கும் சிறு மணிகளாக ஒட்டியிருந்தோம். அது நாப்லாவின் யோசனை. மினுங்குவதைக் கண்டால் குழந்தையின் கண் நிற்கும் என்றார். நின்றது. ஊரெல்லாம் அந்த நண்டைப் பற்றிப் பேசியது.

அந்த மார்கழியில் டாரா பல வருடமாகக் கேட்டு அலைந்த ஒன்று கைகூடியது. ஐரிஷ் பேசும் ஊர்களில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வீட்டுக்கு வரும் செவிலியே எங்கள் புத்தகத்தைக் கொடுப்பது என்று முடிவானது. முதல் கட்டுகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. நாங்கள் மூவரும் அலுவலகத்தில் பழக் கேக் வெட்டினோம். கேக் தீர்வதற்குள் தொலைபேசி அடித்தது.

பேசியது ஸ்பிடல் ஊரிலிருந்து ஒரு தாய். அவர் கோபப்படவில்லை, அழவும் இல்லை. "நண்டோட கண்ணு கழண்டு வந்திருச்சு. புள்ள வாயில இருந்து இப்பதான் எடுத்தேன். ஒண்ணும் ஆகல. உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு, அதான்" என்றார்.

நாப்லா கையில் இருந்த தட்டைக் கீழே வைத்தார். அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்தார். நண்டின் கண்ணை வாயில் வைத்துச் சப்பினார். எங்கள் இருவர் முன்னாலும் நெடுநேரம் சப்பினார். பிறகு நாக்கை நீட்டினார். நாக்கின் நுனியில் மணி இருந்தது. அச்சகத்தார் வேறு பசை மாற்றியிருந்தார்கள். உலர்ந்தால் கல் மாதிரி பிடிக்கும், எச்சில் பட்டால் கரையும்.

அந்த அறையில் நடந்த பேச்சை அப்படியே சொல்கிறேன். டாரா இங்கே இருக்கும்போதே சொல்கிறேன். சொல்லச் சொல்லி அவரே எனக்கு அனுமதி தந்திருக்கிறார்.

"ஒரு வீடு, நாப்லா. ஒரே ஒரு வீடு" என்றார் டாரா. "செவிலிங்கள விட்டு மெதுவா திருப்பி வாங்கிக்கலாம். சத்தம் போடாம."

"எந்த வீட்டுல அடுத்தது கழலுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"ரேடியோல சொன்னா என்ன ஆகும்னு உனக்குத் தெரியுமா? இந்தத் திட்டம் போச்சு. நம்ம பேர் போச்சு. ஐரிஷ் புஸ்தகம் புள்ளையக் கொல்லும்னு கடைத்தெருவுல பேசுவான். நம்ம ஒண்ணும் பெரிய கம்பெனி இல்ல, நாப்லா. ஒரு தடவ விழுந்தா எந்திரிக்க முடியாது."

டாரா சொன்னது தவறா? ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. அத்தனையும் பிறகு நடந்தது.

நாப்லா மேலங்கியை மாட்டிக்கொண்டே சொன்னார்: "டாரா, அந்தப் பொம்பளைங்க நம்ம புஸ்தகத்த ஏன் புள்ள கையில குடுக்கிறாங்க? நம்மள நம்பித்தான். அந்த நம்பிக்கைய வெச்சுக்கிட்டே அவங்ககிட்ட மறைக்கச் சொல்றியா?"

அன்று மதியச் செய்திக்கு முன்னால் வானொலியில் அவர் குரல் வந்தது. பலர் கேட்டிருப்பீர்கள். மன்னிப்புக் கேட்கும் நீண்ட பேச்சு இல்லை. "நான் நாப்லா. 'கல்லுக்குக் கீழே' புத்தகம் உங்க வீட்டுல இருந்தா இப்பவே குழந்தை கையிலிருந்து எடுத்துருங்க. நண்டோட கண்ணு கழண்டு வருது. தொண்டையில போனா உயிருக்கு ஆபத்து. அந்தக் கண்ண ஒட்டச் சொன்னது நான்தான். அச்சகத்த யாரும் திட்ட வேணாம். எடுத்துருங்க, அப்புறம் பேசிக்கலாம்." அவ்வளவுதான். மணிக்கு ஒரு தடவை அதையே ஒலிபரப்பினார்கள்.

புத்தகங்கள் திரும்பி வந்தன. தபால்காரர் கொண்டுவந்தார், ரொட்டி வண்டிக்காரர் கொண்டுவந்தார், சிலர் ஜன்னல் வழியாக உள்ளே எறிந்துவிட்டுப் போனார்கள். செவிலிகள் வீடு வீடாகப் போனார்கள். அப்போதுதான் இனிஷ் மான் தீவின் செவிலி, விடுப்பில் கரைக்கு வந்து புயலில் மாட்டிக்கொண்டிருந்தவர், ஓடி வந்தார்.

"த்ரெசாவுக்கு ஒண்ணு குடுத்தேன், நாப்லா. தீவுல. பொண்ணு ஏவாவுக்குப் பத்து மாசம். அந்தப் புஸ்தகம் இல்லாம தூங்காதாம்."

தீவில் புயலுக்குப் பிறகு மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. வானொலி கேட்க வழியில்லை. பயணிகள் படகு நிறுத்தப்பட்டிருந்தது. உயிர்காப்புப் படகு தெற்கே ஒரு மீன்பிடிப் படகைத் தேடிப் போயிருந்தது. யோசித்துப் பாருங்கள். புத்தகம் போன வீடுகளில் சேதி கேட்க முடியாத ஒரே வீடு அதுதான்.

ரோஸவீல் துறைமுகத்தில் கோல்ம் என்ற படகுக்காரர் தன் நண்டுப் படகைக் கட்டிக்கொண்டிருந்தார். இன்று அவரும் இங்கே வந்திருக்கிறார். அலை சுவரைத் தாண்டி அடித்துக்கொண்டிருந்தது. தீவுத் துறையைக் கம்பியில்லாக் கருவியில் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் இல்லை.

"இந்தக் கடல்ல நான் என் மாமியாரைக்கூட ஏத்த மாட்டேன்" என்றார் கோல்ம்.

"உன் மாமியார ஏத்த வேணாம். என்ன ஏத்து" என்றார் நாப்லா.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது. அதனால வேகமா போ."

அவர் சிரிக்கவில்லை. கோல்மும் சிரிக்கவில்லை. கட்டிய கயிற்றை அவிழ்த்தார். நானும் ஏறினேன். அந்தப் பயணத்தைப் பற்றி நான் அதிகம் சொல்ல மாட்டேன். மீன் பெட்டி ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நாப்லா உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கரை தெரிகிறதா என்று அவர் ஒரு முறைகூடக் கேட்கவில்லை. உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. செபம் என்று நினைத்தேன். காதை வைத்துக் கேட்டால், புத்தகத்தின் சொற்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். இறால். நத்தை. விலாங்கு. நண்டு.

த்ரெசாவின் வீடு மேட்டில் இருந்தது. கற்சுவர்களுக்கு நடுவே ஏறினோம். வயதில் என்னைவிட மூத்த நாப்லா, எனக்கு முன்னால் போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. த்ரெசா உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். கம்பளத்தின் மேல் குழந்தை உட்கார்ந்திருந்தது. மடியில் புத்தகம், திறந்திருந்த பக்கத்தில் என் நண்டு. நண்டுக்கு ஒரு கண்தான் இருந்தது.

நண்பர்களே, நான் வரைந்த எத்தனையோ படங்களைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒற்றைக் கண் நண்டைப் போல எதுவும் என்னை நடுங்க வைத்ததில்லை.

"த்ரெசா, இந்தக் கண்ணு எப்ப விழுந்துச்சு?" என்று நாப்லா மெதுவாகக் கேட்டார்.

"எந்தக் கண்ணு? காலையில ரெண்டும் இருந்துச்சே" என்று திரும்பிய த்ரெசா எங்கள் முகத்தைப் பார்த்தார். கத்தி கையிலிருந்து விழுந்தது. "என்ன? என்ன ஆச்சு? ஏவா!"

குழந்தை திடுக்கிட்டது. உதட்டை இறுக மூடிக்கொண்டது. அப்போது அதன் கன்னத்துக்குள் ஏதோ நகர்வதை மூவரும் பார்த்தோம்.

த்ரெசா பாய்ந்தார். நாப்லா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம் தாயி. பயந்துபோய் மூச்ச இழுத்தா உள்ள போயிரும். நீ சிரி. என்னப் பாத்துச் சிரி. பார்ட்லி, நகராத."

பிறகு கம்பளத்தில் குழந்தைக்கு எதிரே மண்டியிட்டார். உடையிலிருந்து கடல் நீர் சொட்டியது. புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். வாசிக்கத் தொடங்கினார்.

அவசரப்பட்டாரா? இல்லை. ஒரு கல்லைத் தூக்கினார், இறாலின் பெயரைச் சொன்னார், அதன் சத்தத்தைச் சொன்னார். இன்னொரு கல், நத்தை. குழந்தையின் தோள் இறங்கியது. விலாங்கு. குழந்தை புத்தகத்தின் மேல் குனிந்தது. நண்டின் பக்கத்தில் குழந்தையின் விரல் வந்து, கண் இருந்த இடத்தைத் தொட்டது. நாப்லா அங்கே நிற்கவில்லை. கடைசிப் பக்கத்துக்குப் போனார். கடல்நாய் வாயைத் திறந்தது. நாப்லாவும் தன் வாயை அகலத் திறந்தார்.

"ஆ..."

குழந்தை பார்த்தது. மூடிய உதட்டுக்குள்ளேயே 'ம்' என்றது. எனக்குப் பின்னால் த்ரெசா சிரித்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தார். அந்தச் சத்தத்தை நான் மறக்கவில்லை.

நாப்லா மறுபடி சொல்லவில்லை. வாயைத் திறந்தபடியே காத்திருந்தார். உலகத்தில் அவசரம் என்று ஒன்று இல்லாதது போலக் காத்திருந்தார். ஒரு கை மட்டும் குழந்தையின் தாடைக்குக் கீழே, உள்ளங்கை மேலே பார்க்க, இருந்தது.

குழந்தை இன்னும் குனிந்தது. கடல்நாயைப் பார்த்தது. நாப்லாவைப் பார்த்தது. "ஆ" என்றது.

எச்சிலோடு அந்த மணி நாப்லாவின் உள்ளங்கையில் விழுந்தது.

த்ரெசா குழந்தையை அள்ளிக்கொண்டார். நாப்லா எழுந்து, வாசலைத் தாண்டி, சுவருக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தார். திரும்பி வந்தபோது த்ரெசாவின் நடுக்கம் கோபமாக மாறியிருந்தது.

"நீங்கதான் அத ஒட்டுனீங்க. நீங்களே வந்து எடுத்தீங்க. இப்ப நான் உங்களுக்கு நன்றி சொல்லணுமா?"

"வேணாம். திட்டு" என்றார் நாப்லா.

த்ரெசா திட்டினார். தீவுக்காரர்கள் திட்டினால் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நாப்லா தலை குனிந்து முழுவதையும் கேட்டார். கடைசியில் த்ரெசாவே களைத்துப்போய்த் தேநீர் வைத்தார். கோப்பையை நீட்டும்போது சொன்னார்: "அடுத்த புஸ்தகம் செய்வீங்கல்ல? கொண்டு வாங்க. மொதல்ல நான் கடிச்சுப் பாக்குறேன். அப்புறம்தான் இவகிட்ட."

அதன் பிறகு நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். டாரா பயந்தது அத்தனையும் வந்தது. புத்தகத் திட்டம் நிறுத்தப்பட்டது. கட்டுக்கட்டாகப் புத்தகங்களைக் காகிதக் கூழாக அரைக்கக் கொடுத்தோம். கடைத்தெருவில் ஒருவர் என் காதுபடவே கேட்டார்: "என்ன பார்ட்லி, ஐரிஷ் படிக்கிறதுக்கு முன்னால புள்ளைக்குத் தொண்டைய அடைச்சிடணுமாமே?" நான் அடிக்கப் போனேன். நாப்லா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "அவன் கேக்கட்டும். கேக்குற அளவுக்கு நாம செஞ்சிருக்கோம்" என்றார். குழுவில் இருவர் விலகினார்கள். டாரா விலகவில்லை. ஆனால் அடுத்த கோடை வரை நாப்லாவோடு வேலையைத் தவிர வேறு பேச்சு வைத்துக்கொள்ளவில்லை. அதையும் அவர் முன்னாலேயே சொல்கிறேன்.

நாப்லா என்ன செய்தார்? முடங்கினாரா? மொழிக்கு நல்ல காலம் இல்லை என்று புலம்பினாரா? மறுபடி என்னை மேசைக்குக் கூப்பிட்டார். நண்டின் கண் இருந்த இடத்தில் அட்டையை வட்டமாக வெட்டி எடுத்தோம். அடுத்த பக்கத்தின் மஞ்சள் அந்த ஓட்டை வழியாகத் தெரிந்தது. குழந்தை விரலை விட்டால் விரல்தான் கண். ஒட்டுவதற்கு ஒன்றும் இல்லை, கழல்வதற்கும் ஒன்றும் இல்லை. முதல் பிரதிகளைத் தூக்கிக்கொண்டு அவரே தீவுக்குப் போனார். த்ரெசா சொன்னபடியே கடித்துப் பார்த்தார். தீவுத் தாய்மார்கள் எல்லாரும் கடித்துப் பார்த்தார்கள். அன்று முதல், தாய்மார்கள் உட்கார்ந்து கடித்து, இழுத்து, நனைத்துப் பார்க்காமல் எங்கள் புத்தகம் ஒன்றுகூட அச்சுக்குப் போனதில்லை. ஒரு வருடம் கழித்துச் செவிலிகள் தாங்களாகவே வந்து புத்தகம் கேட்டார்கள். ஏன் வந்தார்கள்? இங்கே தலைமை வகிக்கும் தலைமைச் செவிலி அவர்களே அன்று சொன்னார்கள்: "உங்க புஸ்தகத்துல தப்பு இருந்தா நீங்களே சொல்லிருவீங்கன்னு எங்களுக்குத் தெரியும். மத்தவங்களப் பத்தி எங்களுக்கு அது தெரியாது."

இன்று இந்த வட்டாரத்தில் பிறந்த எந்தக் குழந்தையின் வீட்டுக்குப் போனாலும் எங்கள் புத்தகம் இருக்கிறது. மூலை கடிபட்டு, எச்சிலில் ஊறி, முதுகு கிழிந்து இருக்கிறது. அப்படி இருந்தால்தான் நாப்லாவுக்குப் பிடிக்கும். அலமாரியில் புதிதாக நிற்கும் பிரதியைக் கண்டால் முகம் சுளிப்பார்.

கால்வே மருத்துவமனையில் கடைசியாக அவரைப் பார்த்தபோது அவரால் அதிகம் பேச முடியவில்லை. புதிய புத்தகத்தின் படங்களைக் காட்டினேன். வாத்தின் படத்தில் விரலை வைத்து, "இது நல்லா இருக்கு. யோசிக்கவே இல்ல" என்றார். எனக்குக் கிடைத்த பரிசுகளில் அதுதான் பெரிது.

நண்பர்களே, இரங்கல் உரையின் முடிவில் உறுதிமொழி எடுப்பது மரபு. மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். நாப்லாவின் பணி எது? அழகான புத்தகம் செய்வதா? அதை யாரும் செய்யலாம். அவர் பணி எது என்று உங்களுக்கு இப்போது தெரியும்.

ஆகையால் ஒன்று சொல்கிறேன். குளியல் தொட்டியில் மிதக்கவிட இந்த வசந்தத்தில் ஒரு புத்தகம் கொண்டுவந்தோம், நீலப் படகு போட்டது. கடித்துப் பார்த்துத்தான் அனுப்பினோம். ஆனால் குளிர்ந்த நீரில் நனைத்துப் பார்த்தோமே தவிர, சூடான நீரில் பார்க்கவில்லை. நேற்று மாலை இன்வெரின் ஊரிலிருந்து ஒரு தந்தை பேசினார். குழந்தையின் உதட்டில் நீலம் ஒட்டியிருந்ததாம். குழந்தை நலமாக இருக்கிறது. அந்தச் சாயம் கெடுதலா, கெடுதல் இல்லையா, எங்களுக்குத் தெரியாது. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறோம், பதில் வரவில்லை.

இதை இங்கே சொல்லப்போவதாக இன்று காலை டாராவிடம் சொன்னேன். அவர், "இன்னைக்கு வேணாமே பார்ட்லி. இன்னைக்கு அவளோட நாள்" என்றார்.

"அவளோட நாள்ங்கிறதாலதான் டாரா" என்றேன். இந்த மேடையில் ஏறும்போதும் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியாது.

ஆகவே தாய்மார்களே, தந்தையரே, உங்கள் வீட்டில் நீலப் படகுப் புத்தகம் இருந்தால் இன்று போனதும் குழந்தையிடமிருந்து எடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டுக்கும் சொல்லுங்கள். எங்களைத் திட்ட வேண்டும் என்றால் நாளை காலை பதிப்பகம் திறந்திருக்கும், வந்து திட்டுங்கள். முழுவதையும் கேட்போம். நாப்லா நீ க்வாலாய்ன் அவர்களுக்கு நாங்கள் எடுக்கும் உறுதிமொழி இதுதான். வேறு ஒன்றும் இல்லை.

மேடையில் டாராவின் நாற்காலி காலியாக இருப்பதைச் சிலர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீர்கள். நான் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் எழுந்து போனார். என்மேல் கோபித்துக்கொண்டு போனார் என்றுதான் நானும் நினைத்தேன். சற்று முன் செவிலி ஒருவர் என் காதில் வந்து சொன்னார். டாரா பக்கத்து அறையில் இருக்கிறார். வானொலி நிலையத்தாரிடம் பேசிக்கொண்டிருக்கிறார். மதியச் செய்திக்கு முன்னால் அவரே சொல்லப்போகிறார்.